எரியும் பாதத்துக்கு நித்திரைக் குளிசை மருந்தா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 63 வயது. 14 வருடமாக நீரிழிவு. மெட்ஃபோமினும் கிளிக்கிளசைட்டும் எடுக்கிறார். ஒரு வருடமாக இரவில் இரண்டு பாதங்களும் நெருப்பாய் எரிகின்றன என்கிறார், நித்திரையே இல்லை. கிளினிக்கில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் இரவுக்குக் கொடுத்தார்கள். நான்கு நாள் போட்டார். காலையில் தலை தூக்க முடியவில்லை என்றார். அதற்குள் மருந்துக்கடையில் ஒருவர் "இது மனநோய்க் குளிசை அல்லவா" என்று சொல்லிவிட, அன்றோடு நிறுத்திவிட்டார். கனடாவில் இருக்கும் மாமா தனக்குக் கொடுத்த பிரீகபாலின் 75இல் இரண்டு அட்டைகள் அனுப்பியிருக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா தடிமனுக்குப் போடும் பிரிட்டோனில் ஒன்றைக் கொடுத்தால் நித்திரை வரும் என்கிறார். எதைக் கொடுப்பது? சிறுநீரகம் பழுதாகாதா? வாழ்நாள் முழுக்கப் போட வேண்டுமா? கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் கால் நனைத்தால் குறையும் என்கிறார்களே, கூட்டிப்போகலாமா?

பதில்: மாமா அனுப்பிய அட்டைகளை முதலில் அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். எறியவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். இன்று இரவு உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அம்மா எத்தனை மணிக்கு விழிக்கிறார், விழித்ததும் முதலில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எந்தக் குளிசை என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அதில் கிடைத்துவிடும்.

ஏன் சொல்கிறேன் என்றால், பல வருடங்களுக்கு முன் மூதூரிலிருந்து ஒரு கடற்றொழிலாளி என்னிடம் வந்தார். வந்து உட்கார்ந்ததும் கேட்டது நித்திரைக் குளிசை. இரவில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "உள்ளங்கால் இரண்டையும் சுவரில் ஒட்டிவைத்துப் படுப்பேன் ஐயா. சுவர் சூடாகிவிட்டால் கொஞ்சம் தள்ளி வைப்பேன்" என்றார். கூட வந்த மகள் சிரித்துக்கொண்டே, கட்டிலுக்கு மேலே சுண்ணாம்புச் சுவரில் அப்பாவின் பாதங்கள் வரிசையாகக் கறுத்துக் கிடக்கின்றன என்றாள். அந்த மனிதருக்கு நித்திரையில் ஒரு கோளாறும் இல்லை, நோய் காலில் இருந்தது. நித்திரைக் குளிசை கொடுத்திருந்தால் இரவில் தடுமாறி விழுந்திருப்பார். எரிவு அப்படியே இருந்திருக்கும்.

உங்கள் அம்மா விழித்ததும் போர்வையைத் தள்ளிவிட்டுக் காலைச் சீமெந்துத் தரையில் வைக்கிறாரா? அது நரம்பு எரிவு. நேரே கழிவறைக்குப் போகிறாரா, அதுவும் மூன்று நான்கு தடவையா? அப்படியானால் சீனி உயர்ந்திருக்கலாம், அல்லது சிறுநீர் போக்கும் குளிசையை மாலையில் எடுக்கிறார். உடுப்பு நனைய வியர்த்து, நெஞ்சு படபடத்து, கெட்ட கனவு கண்டு எழும்புகிறாரா? இதைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். கிளிக்கிளசைட் எடுப்பவருக்கு, இரவுச் சாப்பாடு குறைந்த நாட்களில், அதிகாலையில் சீனி இறங்கும். அதிகாலை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் ஒரு தடவை விரலில் குத்திச் சீனியைப் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே இருந்தால் உடனே இனிப்பாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். மறுநாளே வைத்தியரிடம் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு: எரிவு இல்லாமல், காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போன்ற ஒரு தவிப்பு, எழுந்து நடந்தால் உடனே தணிவது. அது வேறு நோய். அதற்கு இரும்புச்சத்து பார்க்க வேண்டும். அமிட்ரிப்டிலின் அந்தத் தவிப்பைக் கூட்டவும் கூடும்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதலாவதுதான் என்று தோன்றுகிறது. இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி, விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும் எரிவு, இரவில் மோசம்: நீரிழிவு நரம்புப் பாதிப்பின் வழக்கமான முகம் இது. ஒரு காலில் மட்டும் வலி என்றால், அல்லது நடக்கும்போது கெண்டைச்சதை இறுகி, நின்றால் விட்டால், இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். அங்கே பார்க்க வேண்டியது முதுகையோ இரத்தக் குழாயையோதான்.

பாதத்துக்கு வரும் நரம்பு உடம்பிலேயே நீளமானது. வருடக்கணக்கில் சீனி கூடியிருந்தால் அந்த நீளத்தின் கடைசி முனைதான் முதலில் கெடுகிறது. கெட்ட நரம்பு இரண்டு விதமாக நடந்துகொள்ளும். சில இழைகள் செத்துப்போகும், அங்கே விறைப்பு. சில இழைகள் யாரும் தொடாமலே தாமாகச் செய்தி அனுப்பத் தொடங்கும், அங்கே எரிவு, ஊசி குத்தல், கரண்ட் அடித்தது போன்ற வெட்டு. ஒரே பாதத்தில் இரண்டும் இருக்கும். "எரிகிறது, ஆனால் தொட்டால் தெரியவில்லை" என்று நோயாளி சொன்னால் நம்புங்கள், அவர் குழம்பிப்போய்ச் சொல்லவில்லை. பகலில் சமையல், சந்தை, பேச்சு என்று மனம் வேறு வேலையில் இருக்கும். இரவில் எல்லாம் அடங்கிய பிறகு அந்தச் செய்தி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். போர்வை உரசினாலே பலருக்குத் தாங்காது.

இந்தச் செய்திகள் முள்ளந்தண்டு வழியாக மூளைக்கு ஏறுகின்றன. அங்கே கந்தளாய்க் குளத்து மதகு போல ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு வலி மேலே போகலாம் என்று மூளையே அந்த மதகை ஏற்றி இறக்குகிறது. பனடோலால் இந்த எரிவுக்குப் பெரிதாகப் பயன் இல்லை. அதனால்தான் இரண்டு இரண்டாகப் போட்டும் அம்மாவுக்கு ஒன்றும் குறைந்திருக்காது. டைக்ளோஃபெனக், இபுப்ரோஃபென் போன்ற மூட்டுவலிக் குளிசைகள் வீக்கத்துக்குரியவை. நரம்பு எரிவில் அவற்றால் பயன் இல்லை. நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு மட்டும் அவை நன்றாகப் போதும். சிறுநீரகம் பழுதாகுமா என்று நீங்கள் கேட்டது அமிட்ரிப்டிலினைப் பற்றி. கேட்டிருக்க வேண்டியது இவற்றைப் பற்றி.

இனி அந்த "மனநோய்க் குளிசை". அமிட்ரிப்டிலின் 1961இல் மனச்சோர்வுக்கு மருந்தாக வந்தது உண்மை. அதற்குக் கொடுக்கும் அளவு 75, 100, 150 மில்லிகிராம். பிறகுதான் மிகக் குறைந்த அளவிலேயே நரம்பு வலியைக் குறைக்கிறது என்று தெரிந்தது, மனச்சோர்வு துளியும் இல்லாதவருக்கும். மூளையிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கி மதகை மூடும் இரசாயனங்களை அது கூட நேரம் தங்க வைக்கிறது. அம்மாவின் 10 மில்லிகிராமுக்கும் மனநோய்க்கும் சம்பந்தமே இல்லை. மருந்துக்கடை மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பெயரை மட்டும் பார்த்துச் சொல்லும் இந்த ஒற்றை வசனத்தால் நல்ல மருந்தை விட்டுவிட்டுப் போனவர்களை நான் எண்ணி முடியாது. கிளினிக்கில் ஐந்து நிமிடம் செலவழித்து முன்கூட்டியே சொல்லாத எங்கள் பிழையும் அதில் இருக்கிறது.

காலையில் தலை தூக்க முடியாமல் போனதற்கு அளவைவிட நேரம்தான் காரணமாக இருக்கும். பெரும்பாலானவர்கள் படுக்கும்போது, பத்தரை பதினொரு மணிக்கு, தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுப்பார்கள். தூக்கம் தரும் தன்மை உச்சத்துக்கு வரச் சில மணித்தியாலங்கள் பிடிக்கும். அதன் வால் காலை எட்டு மணி வரை நீளும். இரவு எட்டு மணிக்கு, சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டு முடிந்ததும், எடுக்கச் சொல்லிப் பாருங்கள். பத்து மணிக்குக் கண் சொக்கும், விடியும்போது தலை தெளிந்திருக்கும். முதல் வாரத்து மந்தம் பெரும்பாலும் தானாகவே குறைந்துவிடும். வலி குறைவதற்கு அவகாசம் வேண்டும்: சில நாட்களில் நித்திரை வரும், எரிவு தணிய இரண்டு மூன்று வாரங்கள், முழுப் பலன் தெரிய ஆறு எட்டு வாரங்கள். நான்கு நாளில் அந்த மருந்துக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 10இல் போதாவிட்டால் வைத்தியர் வாரங்கள் கழித்து 20, 25 என்று உயர்த்துவார், உச்சம் 75.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. மாரடைப்பு வந்தவர், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர், கண்ணழுத்த நோயில் ஒரு வகை உள்ளவர், புரோஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர் தடைப்படும் ஆண்கள் இதைத் தவிர்க்க வேண்டும். அம்மாவின் வயதில் தொடங்கும்போது ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்ப்பது நல்லது. வாய் வரளும், மலம் இறுகும். எழும்பும்போது தலை சுற்றும், நீரிழிவு நீண்டவர்களுக்கு இன்னும் கூட. நான் இதை ஒரு தடவை சரியாகக் கணக்குப் போடவில்லை. மெலிந்த ஒரு ஐயாவுக்கு எடுத்த எடுப்பில் 25 எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் இரவு கழிவறைக்கு எழுந்தவர் கதவு நிலையில் மோதி விழுந்து புருவம் வெடித்துத் தையல் போட்டுக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து வயதானவர்களுக்கு 10க்கு மேல் தொடங்குவதில்லை. கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு எழும்புங்கள் என்று சொல்லாமல் அனுப்புவதும் இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவின் பிரிட்டோன் யோசனை நல்ல மனதோடு சொன்னது, ஆனால் வேண்டாம். அதுவும் வாயை வரட்டும், மலத்தை இறுக்கும், வயதானவரின் மூளையை மந்தமாக்கும். அமிட்ரிப்டிலினோடு சேர்ந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று கூட்டும். டயசெபாம், குளோனசெபாம் வகை நித்திரைக் குளிசைகளும் அப்படித்தான்: வலியைத் தொடாமல் ஆளை மட்டும் சாய்க்கும், பிறகு விடுவதும் கஷ்டம்.

மாமாவின் பிரீகபாலின் நல்ல மருந்து. 2004இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கும் அனுமதி பெற்றது. ஆழ்ந்த நித்திரையின் நேரத்தைக் கூட்டும் குணம் அதற்கு உண்டு. ஆனால் அது உடம்பிலிருந்து வெளியேறும் ஒரே வழி சிறுநீரகம். மாமாவின் சிறுநீரகத்துக்குச் சரியான 75 அம்மாவின் சிறுநீரகத்துக்கு இரட்டிப்பு அளவாக இருக்கலாம். அம்மாவின் கிளினிக் கொப்பியில் கிரியேட்டினின் என்று, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ஒரு எண் எழுதியிருக்கும். கடைசியாக எப்போது எழுதினார்கள் என்று பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் முதலில் அந்தப் பரிசோதனை, பிறகுதான் பிரீகபாலின் பற்றிய பேச்சு. கால் வீங்கும், எடை கூடும், தலை சுற்றும். பயோகிளிட்டசோன் என்ற நீரிழிவுக் குளிசை எடுப்பவருக்கு அந்த வீக்கம் கூடுதல். தொடங்கினால் திடீரென்று நிறுத்தக்கூடாது, ஒரு வாரமாவது எடுத்து மெல்லக் குறைக்க வேண்டும். இரண்டு அட்டைகள் முடிந்ததும் அடுத்தது எங்கே என்று யோசித்தீர்களா? இடையில் அறுந்தால் நித்திரையும் வலியும் முன்னைவிட மோசமாகத் திரும்பும். பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. பிரிட்டன் 2019இல் இதைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாக்கியது. நம் நாட்டிலும் பொலிஸார் கைப்பற்றும் குளிசைகளில் இதன் பெயர் அடிபடுகிறது. ஆகவே அட்டைகளை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள், மறைக்க வேண்டாம். காபபென்டின் இதன் மூத்த சகோதரம். அதே குணம், அதே சிறுநீரகக் கணக்கு, நாளுக்கு மூன்று வேளை போட வேண்டிய தொல்லை.

டுலோக்செடின் என்று ஒன்றும் இருக்கிறது. மனம் சோர்ந்தும் இருப்பவருக்கு நான் முதலில் நினைப்பது அதைத்தான். 30இல் தொடங்கி 60. முதல் வாரம் குமட்டும், சாப்பிட்ட பிறகு எடுத்தால் குறையும். சிலருக்கு நித்திரையைக் கலைக்கும் என்பதால் காலையில் எடுப்பது நல்லது. ஈரல் நோயாளிகளுக்கும் சிறுநீரகம் நன்றாகக் கெட்டவர்களுக்கும் கூடாது. ட்ரமடோல் என்ற வலிக் குளிசை எடுக்கிறவர்கள் இதையோ அமிட்ரிப்டிலினையோ தொடங்குமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இவற்றில் எது பலமானது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பிரிட்டனில் 130 பேரை வைத்து நடத்திய ஒரு ஆய்வு 2022இல் வெளியானது. அமிட்ரிப்டிலினில் தொடங்கிப் பிரீகபாலினைச் சேர்ப்பது, பிரீகபாலினில் தொடங்கி அமிட்ரிப்டிலினைச் சேர்ப்பது, டுலோக்செடினில் தொடங்கிப் பிரீகபாலினைச் சேர்ப்பது என்று மூன்று வழிகளையும் ஒவ்வொருவரிலும் மாறி மாறிப் பார்த்தார்கள். பத்துக்கு 6.6 ஆக இருந்த வலி மூன்று வழியிலும் 3.3 அளவுக்கு வந்தது, மூன்றுக்கும் இடையில் வித்தியாசம் இல்லை. எனவே பலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இல்லை. ஆளின் இதயம், சிறுநீரகம், எடை, நித்திரை, பணப்பை ஆகியவற்றைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அம்மாவுக்கு நித்திரையும் இல்லை, மருந்து அரசாங்க கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கிறது, 10 மில்லிகிராம் இன்னும் சரியாகப் பரீட்சிக்கப்படவில்லை. ஈ.சி.ஜி. நன்றாக இருந்தால், நானாக இருந்தால் அதையே எட்டு மணிக்கு மாற்றி மறுபடி தொடங்குவேன். 6.6, 3.3 என்ற எண்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. வலி பூச்சியமாகவில்லை. பாதி குறைந்தால் வெற்றி, அதற்கு மேல் யாரும் உறுதி தர மாட்டார்கள். சுவரில் தொங்கும் காலண்டரில் ஒவ்வொரு நாளும் காலையில் அம்மாவிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதிவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து "ஒன்றும் குறையவில்லை" என்று அவர் சொல்லும்போது அந்தத் தாளைப் பார்த்தால் தெரியும், ஒன்பது ஐந்தாகியிருக்கும்.

மெட்ஃபோமின் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். 14 வருடம் எடுத்திருந்தால் உடம்பில் பி12 விட்டமின் குறைந்திருக்கலாம், அதுவும் கால் நரம்பைக் கெடுக்கும், பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிற அம்மாவானால் சந்தேகம் இரட்டிப்பு. இரத்தப் பரிசோதனை ஒன்றில் தெரிந்துவிடும், குறைவாக இருந்தால் ஊசியோ குளிசையோ போதும். அதற்காக மெட்ஃபோமினை நிறுத்திவிடாதீர்கள். பரிசோதிக்காமல் கடையில் "நரம்புக்குச் சத்து" என்று வாங்கும் கலவைக் குளிசைகளில் மட்டும் கவனம். அவற்றில் பி6 இருக்கும். பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும், அதே எரிவு, அதே விறைப்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2023இல் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மில்லிகிராம் என்று உச்ச வரம்பு வைத்தது. சந்தையில் உள்ள சில குளிசைகளில் ஒன்றிலேயே 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கிறது. பெட்டியைத் திருப்பி வாசியுங்கள்.

சீனியைக் கட்டுப்படுத்துவது இதற்கெல்லாம் அடித்தளம் என்பது உங்களுக்கே தெரியும், நீட்டவில்லை. ஒரு விசித்திரத்தை மட்டும் சொல்கிறேன். நீண்ட நாள் மிக உயர்ந்திருந்த சீனியை இரண்டு மூன்று மாதத்தில் சடாரென்று இறக்கினால் சிலருக்கு நரம்பு வலி புதிதாக வெடிக்கும், அல்லது இருப்பது பல மடங்காகும். "இன்சுலின் தொடங்கியதும்தான் எரிவு வந்தது" என்று சொல்லி இன்சுலினை விட்டவர்கள் உண்டு. அவர்கள் சொன்னது பொய்யல்ல, விட்டதுதான் பிழை. மெல்ல இறக்க வேண்டும். அந்த வலியும் பெரும்பாலும் மாதக்கணக்கில் தணிந்துவிடும்.

தோலில் பூசும் களிம்பு ஒன்று உண்டு, மிளகாயின் காரப்பொருளால் செய்தது. தொடர்ந்து வாரக்கணக்கில் பூசினால் சிலருக்கு உதவும். கொச்சிக்காய் அரைத்த கையால் கண்ணைத் தொட்டவர்களுக்கு, பூசிய பிறகு ஏன் கையைக் கழுவ வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. புண், வெடிப்பு உள்ள பாதத்தில் பூச வேண்டாம்.

வாழ்நாள் முழுக்கவா? அவசியமில்லை. வலி நன்றாக அடங்கி ஆறு மாதம் ஆனால் வைத்தியரோடு பேசி மெல்லக் குறைத்துப் பார்க்கலாம். சிலருக்கு அதோடு நின்றுவிடும், சிலருக்குத் திரும்பும், திரும்பினால் மறுபடி தொடங்கலாம். அடிமையாகிவிடுவார் என்ற பயம் அமிட்ரிப்டிலினில் வேண்டாம்.

ஆனால் எரிவு நின்றால் நரம்பு சுகமானது என்று எண்ணிவிடாதீர்கள். இந்தக் குளிசைகள் செய்தியைக் குறைக்கின்றன, செத்த இழையை உயிர்ப்பிப்பதில்லை. பஸ் நிலையத்திலிருந்து நடந்து வந்த ஒரு அம்மா என் அறைக்குள் ஒற்றைச் செருப்போடு நுழைந்தார். மற்றது எங்கே என்று கேட்டபோதுதான் குனிந்து காலைப் பார்த்தார். வழியில் எங்கேயோ கழன்றிருக்கிறது, பாதத்துக்குத் தெரியவில்லை. அவருக்கு எரிவு இருக்கவில்லை, நன்றாக நித்திரை கொள்கிறவர். அடுத்த கிளினிக்கில் உங்கள் அம்மாவின் பாதத்தை நைலோன் நூலாலோ அதிரும் இசைக்கவையாலோ சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். தினமும் இரவு எட்டு மணிக் குளிசையைக் கொடுக்கும்போதே உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோணேசர் கோயிலுக்கு மத்தியானத்தில் கூட்டிப்போக வேண்டாம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கல்லில் நடந்து, வீட்டுக்கு வந்த பிறகு கொப்புளத்தைக் கண்டவர்கள் பலர். காலையில் போங்கள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. நிலாவெளி மணலும் அப்படித்தான்.

கடைசியாகக் கன்னியா. இராவணன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று நம்பிப் போகிறவர்களும் நோய் தீரும் என்று போகிறவர்களும் அங்கே ஒன்றாகத்தான் நிற்பார்கள், யாரையும் நான் தடுப்பதில்லை. அந்த நீரால் நரம்பு வலி தீராது, ஆனால் அம்மாவுக்குப் போக ஆசை என்றால் கூட்டிப்போங்கள். ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே மாதிரி இருக்காது. வாளியில் அள்ளியதும் உங்கள் முழங்கையை நனைத்துப் பாருங்கள், குழந்தையைக் குளிப்பாட்டுமுன் பார்ப்பது போல. உங்களுக்கு இதமாக இருந்தால் மட்டும் அவருடைய தலையிலும் தோளிலும் ஊற்றுங்கள். பாதத்தை அதில் ஊற வைக்க வேண்டாம். "இன்னும் கொஞ்சம் சூடாக இருக்கட்டும்" என்று அவர் சொன்னால் கேட்காதீர்கள், அந்தச் சூட்டை அளக்க வேண்டிய கால் அவரிடம் இப்போது இல்லை.